வரைபடத்தில் இல்லாத ஊர்: என்டிஎம்-1 கட்டுரையை மறுபடி படித்தபோது

2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வந்த என்டிஎம்-1 கட்டுரையைப் போன வாரம் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. வந்த நேரத்தில் அதைப் படித்தவர்களைவிடத் திட்டியவர்கள்தான் அதிகம். சண்டை முழுக்க ‘புது டெல்லி’ என்ற பெயரைப் பற்றி. இத்தனைக்கும் இத்தாலியின் வெரோனா பெயரில் இதேபோல ஒரு என்சைம் முன்பே உண்டு. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்டன் பெயருக்காக மன்னிப்புக் கேட்டதும் நமக்கெல்லாம் விஷயமே முடிந்துபோன மாதிரி ஆகிவிட்டது.

கட்டுரை சொன்னது வேறு. ஐசியூவில் மற்ற ஆன்டிபயாடிக் கேட்காதபோது போடும் மெரோபெனம் வகை மருந்தையே உடைக்கிற என்சைம் இது. சென்னையில் 44 மாதிரிகள், ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37. ஹரியானா மாதிரிகள் பெரும்பாலும் ஒரே கிருமியின் நகல்கள். சென்னையில் பல வகைக் கிருமிகள். அவற்றில் இந்த மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. ஒரு கிருமி இன்னொன்றுக்கு அதைச் சுலபமாகக் கைமாற்றிவிடும். என்னைக் கேட்டால் தலைப்புச் செய்தி இதுதான். நம்ம பத்திரிகைகள் இதைத் தொடவே இல்லை.

கட்டுரையிலும் கோளாறு இருக்கிறது. 29 பிரிட்டிஷ் நோயாளிகளில் குறைந்தது 17 பேர் ஒரு வருடத்துக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய்வந்தவர்கள் என்ற கணக்கிலிருந்து, ‘இந்தியாவில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா’ என்கிற இடத்துக்கு அது தாவுகிறது. சில முடிவுகள் தனக்குத் தெரியாமல் சேர்க்கப்பட்டவை என்று கார்த்திகேயனே அப்போது பேட்டியில் சொன்னார்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதில் உள்ள வரைபடம். நகரங்களாகப் புள்ளி வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரம் பக்கம் ஒன்றுமில்லை. கிருமி இல்லாததால் காலியா, கல்ச்சர் செய்து பார்க்க ஆளில்லாததால் காலியா? அது கிருமியின் வரைபடத்தைவிட லேப்களின் வரைபடம் என்றே தோன்றுகிறது.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. தங்கச்சிமடத்துப் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தோம். பிறகு எங்க பக்கம் எல்லோரும் கேட்கிற அதே வார்த்தை: “மதுரைக்குக் கொண்டு போயிருங்க.” ஆம்புலன்ஸில் பாம்பன் பாலம் தாண்டி 160 கிலோமீட்டர் வாக்கில். அங்கே வென்டிலேட்டர், யூரின் டியூப், கழுத்தில் ஒரு லைன். ஒன்பதாம் நாள் காய்ச்சல். “மெரோபெனம் கேட்கலை, கொலிஸ்டின் போடணும், கிட்னியைப் பாதிக்கலாம், கையெழுத்துப் போடுங்க” என்றார்கள். கல்ச்சரில் கிளெப்சியெல்லா. கிருமி இந்த ஐசியூவில் தொற்றியதா, முதல் ஆஸ்பத்திரியிலிருந்தே கூட வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பழைய ஃபைலைப் புரட்டிக் காட்டினார். கல்ச்சர் ரிப்போர்ட் இல்லை. மருந்துப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஊசி, இரண்டு வேளை’ என்று மட்டும் இருந்தது.

லண்டன்–டெல்லி விமானத்தை எண்ணிய கட்டுரையில் இந்த ஆம்புலன்ஸ் கிடையாது. கட்டுரையைத் திட்டியவர்கள் பேச்சிலும் கிடையாது. பெரியப்பா பிழைத்தார், கிட்னி தேற நாலு மாதம் ஆனது.

2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறையும் வந்தாகவேண்டும். மதுரைக்கு ஏற்றி அனுப்பும் ஒவ்வொரு ஃபைலிலும் அங்கிருந்து ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் சேர்கிறதா என்பதை இனிமேல் கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்கப்போகிறேன்.