‘போகலாம்’ என்னும் சொல்லும் ஒரு விளையாட்டின் முடிவுகளும்

கதையை உயிராகக் கொண்ட கணினி விளையாட்டுகளைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் காட்சியமைப்பையும் கதைப்பின்னலையும் பேசி அமைகின்றன. இவ்வகை விளையாட்டில் அறம் சார்ந்த தெரிவு முதற்கண் ஒரு மொழிநிகழ்வு என்பது போதிய அளவு கருதப்படவில்லை. கதைமாந்தர் உரையாடிக்கொண்டிருக்கையில் திரையில் இரண்டு அல்லது மூன்று குறுந்தொடர்கள் தோன்றுகின்றன. ஆடுபவர் ஒன்றைத் தெரிகிறார். அத்தொடர் பேச்சாக விரிந்து, செயலாக முடிந்து, பல மணி நேரம் கழித்துக் கதையின் முடிவையே மாற்றுகிறது. அங்ஙனமாயின், அத்தொடரை எழுதியவரும் வேறு மொழியில் பெயர்த்தவரும் ஆடுபவரின் அறப்பொறுப்பில் எந்த அளவுக்குப் பங்குடையவர் என்னும் வினா எழுகிறது. போலந்தில் உருவான ‘த விட்சர் 3: வைல்ட் ஹண்ட்’ (2015) என்னும் மாய உலக விளையாட்டை முன்வைத்து இவ்வினா இங்கு ஆராயப்படுகிறது.

‘தெரிவு’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டு வழக்கில் ‘தேர்வு’ என்றால் பள்ளித் தேர்வே முன்வந்து நிற்கும். இலங்கைத் தமிழில் இயல்பாக வழங்கும் ‘தெரிவு’ இப்பொருளுக்கு ஏற்றது. திருக்குறளின் ‘தெரிந்துசெயல்வகை’ என்னும் அதிகாரப் பெயரும் அதற்குத் துணை நிற்கிறது. ஆயின் அவ்வதிகாரம் இழப்பையும் பேற்றையும் முன்கூட்டி எண்ணிச் செய்யுமாறு கூறுகிறது. இவ்விளையாட்டோ அவ்வாறு எண்ணுவதற்குரிய செய்திகளைத் திட்டமிட்டே மறைத்து வைக்கிறது.

வார்சாவைச் சேர்ந்த சி.டி. புராஜெக்ட் ரெட் நிறுவனம், அந்திரேய் சப்கோவ்ஸ்கியின் சிறுகதைகளையும் நாவல்களையும் அடியொற்றி இதனை உருவாக்கியது. தலைவன் கெரால்ட், கூலிக்குக் கொடிய உயிரிகளை வேட்டையாடுபவன். அவன் மகளெனப் போற்றி வளர்த்த பெண் சீரி. (அவள் பெயரைச் ‘சிரி’ என எழுதினால் தமிழில் ஏவல் வினையாகப் படிக்கப்படும், எனவே நெடில்.) சப்கோவ்ஸ்கியின் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ‘குறைந்த தீமை’ என்னும் கதையில், இரு தீமைகளுள் ஒன்றைத் தெரிவதைவிட எதையும் தெரியாதிருப்பதே மேல் என்று கருதும் கெரால்ட், இறுதியில் வாளெடுத்துக் ‘கசாப்புக்காரன்’ என்னும் பழிப்பெயரைச் சுமக்கிறான். அவனை ஆடுபவரின் கையில் ஒப்படைத்தபோது, தெரியாதிருக்கும் உரிமை பறிக்கப்பட்டுவிட்டது. சில உரையாடல்களில் தொடர்களின்கீழ் ஒரு கோடு சுருங்கிக்கொண்டே வரும். அது தீர்வதற்குள் தெரிய வேண்டும்.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டில், நற்பண்பும் முரட்டுப்பண்பும் தனித்தனி அளவுகோல்களில் எண்ணப்படுகின்றன. தொடர் நிற்கும் இடமே அதன் தன்மையை அறிவித்துவிடும். ஆடுபவர் தொடரைப் படிக்கவே வேண்டியதில்லை. ‘விட்சர் 3’இல் அத்தகைய அளவுகோல் இல்லை. மஞ்சள் நிறத் தொடர்கள் கதையை முன்னகர்த்துபவை, வெண்ணிறத் தொடர்கள் கூடுதல் செய்தி கேட்பவை என்னும் ஒரே வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டுக்கும் அறத்துக்கும் தொடர்பில்லை. எனவே படித்தே தீர வேண்டும், சொல்லின் எடை அறிந்தே தெரிய வேண்டும். மொழியியலார் இவ்விளையாட்டைக் கருத வேண்டிய காரணம் இதுவே.

சீரி இறுதியில் இறந்தாளெனத் தோன்றலாம், கெரால்ட்டைப் போன்ற வேட்டையாளாகலாம், நில்ஃப்கார்ட் பேரரசியாகலாம். அவள் உயிர்பிழைப்பது ஏறத்தாழ ஐந்து இடங்களில் கெரால்ட் பேசும் முறையைப் பொறுத்தது. அவற்றுள் எதுவும் பெரிய அறச்சிக்கலாகத் தோன்றுவதில்லை. அவளை அவளுடைய தந்தையாகிய பேரரசரிடம் அழைத்துச் சென்றால் தரப்படும் பணத்தைப் பெறுவதா மறுப்பதா என்பது ஒன்று. வளர்த்த முதியவர் வெசமிர் மாண்டபின் துவண்டு கிடப்பவளிடம், எல்லாவற்றிலும் வல்லவளாக இருக்க வேண்டியதில்லை என்று ஆறுதல் கூறுவதா, அவளை வெளியே அழைத்துப் பனியுருண்டை எறிந்து விளையாடுவதா என்பது மற்றொன்று. ஆறுதல் மொழி பரிவுடையதாகவே ஒலிக்கிறது; ஆனால் அது அவளுடைய இயலாமையை உறுதிசெய்கிறது. ஆஸ்டின் (1962) வகுத்துக் காட்டியபடி, சொன்னது வேறு, சொல்லால் செய்தது வேறு. விளையாட்டு கணக்கிலெடுப்பது பின்னதையே. எஞ்சிய மூன்றுள், சினத்தில் அவலாக்கின் ஆய்வுக்கூடத்தை அவள் நொறுக்க முற்படும்போது தடுப்பதா விடுவதா என்பது எளிது. மற்ற இரண்டும் மொழிபெயர்ப்பாளரின் கவனத்துக்கு உரியவை.

மந்திரக்காரிகளின் அவை சீரியைச் சந்திக்க அழைக்கிறது. கெரால்ட் உடன் செல்வதாகக் கூறலாம். தனியே சென்று பேச அவளால் இயலும் என்று கூறலாம். தனியே விடுவதே அவளுக்கு நன்மை. பின்னர், தன்னைக் காத்ததால் இழிவுற்று மாண்ட ஸ்கியால் என்னும் இளைஞனின் கல்லறைக்குச் செல்ல அவள் விரும்புகிறாள். இங்கு உடன் செல்வதே நன்மை. இரண்டையும் ஒருசேர நோக்கினால், உடன் செல்வதோ விலகி நிற்பதோ அளவுகோல் அன்று; அவளுடைய விருப்பம் எங்கு நிற்கிறது என்பதே அளவுகோல் என்பது புலப்படும்.

தமிழில் இவ்விரு இடங்களையும் பெயர்க்க முற்படுபவர் ‘போகலாம்’ என்னும் சொல்லில் தடுக்கி விழுவார். ‘-லாம்’ ஈறு எண்ணும் இடமும் காட்டாது. ‘நீ போகலாம்’ என்றால் இசைவு. ‘நாம் போகலாம்’ என்றால் கூடிச்செல்லும் அழைப்பு. எழுவாயை விட்டு ‘போகலாம்’ என்று மட்டும் எழுதினால் இரு பொருளும் ஒரே வடிவில் நிற்கும். தெரிவுத்தொடரின் இயல்போ சுருக்கம். இடம் கருதி முதலில் விடப்படுவது எழுவாயே. கல்லறைக் காட்சியில் இதனால் கேடில்லை. இசைவாகக் கொண்டாலும் அழைப்பாகக் கொண்டாலும் அவள் விருப்பம் நிறைவேறுகிறது. அவைக் காட்சியில் அதே சொல் நேர்மாறான இரு தெரிவுகளையும் ஒன்றாக்கிவிடும். மகளைத் தனியே அனுப்புவதாக எண்ணித் தெரிந்தவர், கெரால்ட் அவளுடன் உள்ளே நுழைவதைக் காண நேரும். போலந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் ஏவலும் கூட்டழைப்பும் வடிவத்தால் வேறுபடுவதால் அங்கு இவ்வபாயம் இல்லை. ‘போய் வா’ என்பதே இங்குப் பொருத்தம். பிரிவையும் மீள்வையும் ஒருங்கே சொல்லும் அவ்வழக்கில் ஒரு தந்தையின் நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது. மூலத்தைக் காட்டிலும் அது கூடுதலாக ஒன்றைச் சொல்லிவிடுகிறதே என்று தயங்குபவர் ‘நீயே போ’ எனலாம், ஆனால் அதில் சலிப்பு ஒலிக்கும்.

விளையாட்டின் மொழி முற்றிலும் தவறும் இடமும் உண்டு. முன்னாள் ஒற்றர்தலைவன் டைக்ஸ்ட்ரா கெரால்ட்டின் வழியை மறித்து நிற்கிறான். அவனை வலிந்து தள்ளி ஒதுக்குமாறு ஆங்கிலத்தில் ஒரு தெரிவுத்தொடர் வருகிறது. தெரிந்தவுடன் கெரால்ட் அவனுடைய காலை முறித்துவிடுகிறான். அதனால் டைக்ஸ்ட்ராவுடன் கூடி ராடோவிட் மன்னனைக் கொல்லும் கதைக்கிளை அடைபடுகிறது. மந்திரக்காரர்களை வேட்டையாடும் அம்மன்னன் பிழைத்துப் போரில் வெல்கிறான். சீரி பேரரசியாகும் முடிவும் அத்துடன் மறைகிறது. இதனை அறத்தின் தெளிவின்மை என்று போற்றுதல் பொருந்தாது. விளைவு தெரியாதிருப்பது வாழ்க்கையின் இயல்பு. தான் செய்யவிருக்கும் செயலே தெரியாதிருப்பது அவ்வாறன்று. தள்ளுதலுக்கும் முறித்தலுக்கும் இடைப்பட்ட தொலைவை ஆடுபவர் தெரியவில்லை, தொடரை எழுதியவர் தெரிந்தார்.

இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வசதியும் ஒரு சோதனையும் உள்ளன. ஆங்கிலத் தொடர் கெரால்ட் சொல்லப்போகும் சொல்லா, செய்யப்போகும் செயலா என்பதை வெற்று வினையடி தனித்துக் காட்டுவதில்லை. தமிழில் ‘விலகு’ என்றால் எதிரில் நிற்பவனிடம் சொல்வது. ‘விலக்கு’ என்றால் கெரால்ட்டுக்கு இடும் ஏவல். தன்வினை பிறவினை வேறுபாடே குழப்பத்தின் பாதியைத் தீர்த்துவிடும். எஞ்சிய பாதிக்கு ‘அடித்து வீழ்த்து’ என்று எழுதினால் ஆடுபவர் எச்சரிக்கப்படுவார். அது மூலத்தைத் திருத்துவதாகாதா எனலாம். ஆகும். ஆயினும் தெரிவுத்தொடரின் பொருள் அதைத் தொடரும் செயலே என்று கொண்டால், மூலச்சொல்லுக்கு உண்மையாக இருந்து செயலைப் பிழைபடச் சொல்லும் மொழிபெயர்ப்பே பிழையானது.

மாறாக, சதுப்புநிலத்துக் குன்றில் மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியின் கதையில் தெளிவின்மை கட்டாயம் காக்கப்பட வேண்டும். காட்டுக் கிழவிகளும் ஊர்த்தலைவரும் அதனை ஒழிக்கச் சொல்கின்றனர். அதுவோ, விடுவித்தால் கிழவிகளுக்கு இரையாகவிருக்கும் அனாதைக் குழந்தைகளைக் காப்பதாக வாக்களிக்கிறது. விடுவித்தால் வாக்கு நிறைவேறுகிறது. ஆனால் ஓர் ஊர் அழிகிறது. அன்னா என்னும் பெண் இறக்க, அவளுடைய கணவன் தூக்கிட்டுக்கொள்கிறான். கொன்றால் குழந்தைகள் மடிகின்றனர். அன்னா மனம் பேதலித்தவளாய் உயிர் பிழைக்க, கணவன் குணம் தேடி அவளை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்கிறான். இங்குத் தமிழின் ‘-ஆம்’ என்னும் கேள்விவழி ஒட்டு இடையில் நுழையும். ‘குழந்தைகளைக் காப்பாற்றுமாம்’ என்று கெரால்ட் எடுத்துரைத்தால் தமிழ்ச் செவிக்கு ஐயம் மட்டுமன்றி ஏளனமும் கேட்கும். தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ‘காப்பாற்றுவதாகச் சொல்கிறது’ என்று ஓரெழுத்து மிகாமல் நிறுத்துவது கடினம், ஆனால் வேண்டியது.

இறுதிக் காட்சியில் உலகை உறையவைக்கும் வெண்பனியை எதிர்கொள்ளச் சீரி நடந்து செல்கையில், கெரால்ட்டுடன் கழிந்த சில கணங்கள் நினைவுகளாய் அவள்முன் தோன்றுகின்றன. பனியுருண்டை எறிந்ததும், அவைக்கு முன் நின்றதும், கல்லறையும். எச்சொற்கள் எண்ணப்பட்டன என்பதை ஆடுபவர் முதன்முறையாக அப்போதே அறிகிறார். அக்கணத்தில் அவர் நினைவுகூர்வது தமது மொழியில் தாம் படித்துத் தெரிந்த தொடரை. உலகின் பெரும்பாலான ஆடுபவர்களுக்கு அது போலந்து மொழித் தொடர் அன்று, மொழிபெயர்ப்பாளர் எழுதிய தொடர்.