ரயில்வே கணக்கும் ரத்தக்குழாய்க் கிருமியும்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் மாமா, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். போன வாரம் பார்க்கப் போனபோது, “கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திட்டேன்டா,” என்றார்.

வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை வந்ததாம். தமனிகள் தடித்து அடைபடக் காரணம் கொலஸ்ட்ரால் இல்லை, கிருமித் தொற்று என்கிறது. “எங்க ரயில்வேலயே கணக்கெடுத்து நிரூபிச்சிருக்கான்,” என்றார் பெருமையாக.

வாங்கிப் படித்தேன். முழுப் பொய் இல்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

ரயில்வே கணக்கு உண்மை. எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற மருத்துவர் 1967இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதியது. ரயில்வே ஊழியர்களிடையே, மாரடைப்பு வகை இதயநோய் பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியரிடம் ஏழு மடங்கு அதிகம் என்றார். இத்தனைக்கும் நெய்யும் பாலும் வெளுத்துக் கட்டியது பஞ்சாபியர்தான். கொழுப்பு தின்றால் அடைப்பு என்று நேர்கோடு போட்டவர்களுக்கு இது சங்கடமான எண்தான்.

ஆனால் இங்கிருந்து கிருமிக்கு எப்படித் தாவுவது? மல்ஹோத்ரா தாவவில்லை. அவர் கைகாட்டியது கொழுப்பின் வகையை. வடக்கே பால் கொழுப்பு, தெற்கே விதை எண்ணெய். மேலும், தட்டில் விழும் கொழுப்பும் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் கொலஸ்ட்ராலும் ஒன்றல்ல. கொலஸ்ட்ராலை நம் கல்லீரலே தயாரிக்கிறது. மரபணுக் கோளாறால் பிறவியிலேயே எல்டிஎல் எகிறியிருப்பவர்களுக்கு, சிகிச்சை இல்லையென்றால் இளவயதிலேயே மாரடைப்பு வரலாம். என்ன சாப்பிட்டார்கள் என்பது அங்கே இரண்டாம்பட்சம்.

சரி, கிருமிக் கட்சியின் ஆதாரம் என்ன? 1988இல் பின்லாந்தில் சைக்கு குழுவினர், மாரடைப்பு வந்த பலரின் ரத்தத்தில் கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியாவுக்கான எதிர்ப்பொருளைக் கண்டார்கள். பிறகு அடைப்புத் திட்டுகளுக்குள்ளேயே அந்த பாக்டீரியா தென்பட்டது. வாட்ஸ்அப் கட்டுரை இங்கேயே நின்றுவிடுகிறது. என் புகார் இதுதான். வைகுண்ட ஏகாதசி நெரிசலில் பர்ஸ் தொலைந்தால், பக்கத்தில் நின்றவரெல்லாம் திருடரா?

சோதிக்க வழி இருக்கிறது. கிருமியைக் கொன்று பார்ப்பது. செய்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ‘ஏசஸ்’ என்ற ஆய்வில் 4,012 இதயநோயாளிகள். பாதிப்பேருக்கு வாரம் ஒருமுறை அசித்ரோமைசின், ஒரு வருடத்துக்கு. மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. ஏறக்குறைய நான்கு வருடம் கவனித்து, 2005இல் முடிவைச் சொன்னார்கள். வித்தியாசம் இல்லை. மருந்து தாமதம், கிருமி வேறு என்றெல்லாம் வாதாடலாம், வாதாடட்டும். ஆனால் இந்த ஆய்வு நடந்ததையே மறைத்துவிட்டு வாதாடக் கூடாது.

அப்படியானால் தொற்றுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். 2018இல் வெளியான கனடா ஆய்வில், இன்ஃப்ளுயன்சா உறுதியானவர்களுக்கு முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு சுமார் ஆறு மடங்கு அதிகம். முப்பது வருடமாகச் சேர்ந்த திட்டை ஒரு வாரக் காய்ச்சல் வெடிக்க வைக்கலாம். சேர்த்தது வேறு, வெடிக்க வைத்தது வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டது.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லி, “கிருமி மேல பயம்னா டாக்டரக் கேட்டு ஃப்ளூ ஊசி போட்டுக்கோங்கோ. மாத்திரைய நிறுத்த இதுல ஒரு காரணமும் இல்ல,” என்றேன்.

“அப்ப அந்த ஏழு மடங்கு?”

நல்ல கேள்வி. “அது லட்சக்கணக்கான ஊழியர்களோட கணக்கு மாமா. உங்க ரத்தக்குழாயோட கணக்கு ஸ்டென்ட் வெச்ச அன்னிக்கே வந்தாச்சு.”

அவர் இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. நாளைக்குக் காலை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். கட்டுரையையும் அச்செடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.