அடங்காப்பிடாரியும் அடக்கும் ஆடவனும்

தமிழில் ‘அடங்காப்பிடாரி’ என்றொரு சொல் உண்டு. பிடாரி என்பது ஊர்காக்கும் தெய்வத்தின் பெயர். அப்பெயர் வசையாகிப் பெண்ணின்மீது சுமத்தப்படுவதை நாம் அன்றாடம் கேட்கின்றோம். முரடனுக்கு மணம் முடித்துவைத்தால் திருந்துவான் என்பர். அங்கே திருத்துங் கருவி மனைவியின் பொறுமை. அடங்காப்பிடாரிக்கு மணம் முடித்துவைத்தால் அடங்குவாள் என்பர். இங்கே கருவி கணவனின் வன்மை. இருவழியும் வருந்துபவள் பெண்ணே.

இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. செகசிற்பியர் 1590ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆக்கியதாகக் கருதப்படும் நாடகமொன்று, அடங்காப்பிடாரியை அடக்குதலையே பொருளாகக் கொண்டது. கதரீனா கூரிய நாவினள். அவளை மணந்த பெற்றுரூக்கியோ உணவையும் உறக்கத்தையும் மறுத்து, வல்லூற்றைப் பழக்குவான்போல அவளைப் பழக்குகின்றான். இறுதியில் அவள் மனைவியரின் கடமைபற்றி 44 அடிகளில் நீண்டதோர் உரை நிகழ்த்துகின்றாள்.

இந்நாடகத்துக்கு ஒரு முன்னுரைக் காட்சி உண்டு. குடித்து மயங்கிய சிலை என்னும் ஏழையை ஒரு பிரபு பிரபுவாகவே நம்பச் செய்கின்றான். ஏவலிளைஞனொருவனுக்குப் பெண்வேடமிட்டு, அவனுடைய பணிவுள்ள மனைவியாக நடிக்க விடுகின்றான். எனவே நாம் முதலிற் காணும் அடக்கமுள்ள மனைவி கட்டளைக்குப் பணிந்து நடிக்கும் ஓர் ஆண்மகனே! அடக்கம் பெண்ணின் இயல்பன்று, கற்பிக்கப்பட்ட வேடம் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ? இதுகொண்டு ஆசிரியரைக் குற்றத்தினின்றும் விடுவிப்பாரும் உளர். ஆயினும், 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்முன்னுரை மாந்தர் முடிவில் மீள்வதில்லை. பார்ப்போர் அந்த 44 அடிகளோடேயே வீடு திரும்புகின்றனர். ஐயத்தை எழுப்பியவர் அதனை இடைவழியிற் கைவிட்டார் என்பதே எம் துணிபு.

அக்காலத்தவர் அனைவரும் அம்முடிவை ஏற்றிலர். யோன் பிளெச்சர் ஏறத்தாழ 1611இல் இதற்கு மறுமொழியாக ஒரு நாடகம் இயற்றினார். அதில் மனைவியை இழந்த பெற்றுரூக்கியோவை மணக்கும் மரியா, கதவடைத்து அவனை வெளியே நிறுத்திவிடுகின்றாள், அடக்கியவன் அடங்குகின்றான். 1633இல் இரு நாடகங்களும் அரசவையில் ஒரே வாரத்தில் நடிக்கப்பட்டபோது, பின்னதே மிகுந்த வரவேற்பைப் பெற்றது.

நம் திரைப்படங்கள் செகசிற்பியரிடமிருந்து கதையைப் பெற்றன. பிளெச்சரின் மறுமொழியைப் பெறவில்லை. 1963இல் வெளிவந்த ‘அறிவாளி’ இக்கதையைத் தழுவியது. 1992இல் வெளிவந்த ‘மன்னன்’ படத்தின் நாயகி பெருந்தொழில் நிறுவனமொன்றை நடத்துபவள்; முடிவில் அப்பொறுப்பைத் துறந்து இல்லத்தரசியாகின்றாள். நிருவாகத்தில் அவள் கொண்ட செருக்குக் கண்டிக்கத்தக்கதே. ஆயின், செருக்குற்ற முதலாளி ஆடவனாயின் தொழிலாளரை மதிக்கக் கற்பான். பெண்ணாயின் தொழிலையே விடவேண்டுமோ? குற்றத்துக்குத் தண்டனை வேறு, பெண்மைக்குத் தண்டனை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கைதட்டச் செய்வதே இத்தகைய படங்களின் சூழ்ச்சி.

1931இல் பெண்கள் வாக்குரிமை பெற்ற நாடு நமது. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்ததும் இந்நாடே. எனினும், சட்டம் தந்த உரிமையைச் சிரிப்புப் பறித்துவிடக் கூடும். நாயகன் ஒருத்தியை அடக்கும் காட்சியில் அரங்கம் ஆரவாரிக்கும்போது, நம் வீட்டுச் சகோதரியும் அருகிருந்து அதனைக் கேட்கின்றாள். அவள் கற்றுக்கொள்ளும் பாடம் யாதென மாணவ நண்பர்கள் ஒருகணம் சிந்திப்பாராக. கைதட்டுமுன் சிந்திக்குங் கணமே திறனாய்வின் தொடக்கமாகும்.