படப்பெட்டிக்குள் காடும் குடும்பமும்

நூல்களுக்குத் திறனாய்வு உண்டு. நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் உண்டு. ஓய்வு நேரத்தில் ஒருவர் தம் மனநிறைவுக்காக எடுக்கும் ஒளிப்படங்களைத் திறனாய்வுக்கு உரியனவாக எவரும் கருதுவதில்லை. வீட்டிற்கு வந்த விருந்தினர் அவற்றைப் புரட்டிப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று கூறி மூடிவைப்பதோடு அவற்றின் வாழ்வு முடிந்துவிடுகிறது. இன்றோ கைப்பேசியில் விரலால் தள்ளிவிடுவதோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் கூட்டத்தில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஈடுபடும் ஒரே கலை இதுவாகத்தான் இருக்கும் என்பதால், இதனைச் சற்றே கூர்ந்து நோக்குவது பயனற்ற வேலையன்று என எண்ணுகிறோம்.

நாம் கருதுவது இத்தகைய மனிதரை: வார நாள்களில் வங்கியிலோ பள்ளியிலோ பணிபுரிபவர், விடுமுறை வந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வேடந்தாங்கலுக்கோ முதுமலைக்கோ புறப்படுபவர். மனைவியும் பிள்ளைகளும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு உடன் செல்வர். மாலையில் திரும்பும்போது அவரிடம் இருவகைப் படங்கள் இருக்கும். ஒன்று பறவையும் விலங்கும், மற்றொன்று குடும்பம். ஒரே நாள், ஒரே கருவி, ஒரே கண். இருந்தும் இவ்விரு வகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருவேறு மனிதர் எடுத்தவை போலத் தோன்றும்.

காரணம் எளிது. மீன்கொத்தியிடம் "இப்படித் திரும்பு" என்று சொல்ல முடியாது. ஆகவே அவர் காத்திருக்கிறார். காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை கரையோரப் புதரில் கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருக்கிறார். அதே மனிதர் பத்து மணிக்குத் தம் ஐந்து வயது மகளைக் கண்காணிப்புக் கோபுரத்தின் படியில் நிறுத்தி, "சிரி, சீக்கிரம் சிரி, வெளிச்சம் போகிறது" என்று அதட்டுகிறார். பறவைக்கு மூன்று மணி நேரம். பிள்ளைக்கு மூன்று நொடி. பறவைப் படத்தில் உயிர் இருக்கிறது. பிள்ளையின் படத்தில் பல் இருக்கிறது. நாம் பார்த்த எத்தனையோ குடும்பத் தொகுப்புகளின் குறை இதுவே.

இவ்விரு வகைகளிலும் உயரிய எடுத்துக்காட்டுகளாக நிற்கும் இருவரை இங்கே நினைவுகூரலாம். ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் தமிழர்.

ழாக்-ஆன்ரி லார்த்தீக் 1894ஆம் ஆண்டு பாரிஸ் நகரை அடுத்த கூர்ப்வாவில் பிறந்தார். செல்வக் குடும்பம். ஏழெட்டு வயதிலேயே தந்தை அவர் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார். அன்று தொடங்கி 1986இல் இறக்கும் வரை தம் வீட்டாரையும் நண்பர்களையும், அவர்கள் சென்ற கடற்கரைகளையும் பூங்காக்களையும் பந்தயத் திடல்களையும் படமெடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட தொகுப்பேடுகளில் ஒட்டிவைத்தார். தம்மை ஓவியர் என்றே எண்ணியிருந்தார். ஒளிப்படம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோதுதான் உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது 69.

அவர் சிறுவனாக இருந்தபோது எடுத்த படங்களே இன்றும் மேலானவை என்பது நம் கருத்து. 1905இல் எடுத்த ஒரு படத்தில், அவருடைய உறவுப் பெண் ஒருத்தி நீண்ட பாவாடையோடு படிக்கட்டிலிருந்து குதிக்கிறாள். தரையை இன்னும் தொடவில்லை. அண்ணன் ஸிஸூ தானே செய்த பறக்கும் கருவியோடு புல்வெளியில் ஓடுவதும் இத்தகைய படங்களுள் ஒன்று. எவரையும் வரிசையில் நிறுத்தி எடுத்தவை அல்ல இவை. புதரில் பதுங்கியிருக்கும் பறவை ஆர்வலன் போல அச்சிறுவன் தன் வீட்டாரைக் கவனித்திருக்கிறான். எந்த மாமன் எப்போது வழுக்கி விழுவார், எந்த அத்தை எப்போது தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள் என்பதை அறிந்து காத்திருந்திருக்கிறான். காட்டுயிரைப் படமெடுப்பதற்கு வேண்டிய பொறுமையைக் குடும்பத்தின் மீது செலவிட்டவர் லார்த்தீக் எனலாம்.

அவருடைய கார்ப் பந்தயப் படம் ஒன்று பலரும் அறிந்தது. சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வேடிக்கை பார்ப்போர் எதிர்ப்புறம் சாய்ந்திருப்பர். காரின் பின்பகுதிதான் படத்தில் அடங்கியிருக்கும். அக்காலக் கேமராவின் திரையில் ஒரு குறுகிய பிளவு தகட்டின் குறுக்கே நகர்ந்து செல்லும். அது மேலிருந்து கீழ் செல்வதற்குள் கார் முன்னேறிவிடுகிறது. கேமராவும் காரோடு சேர்ந்து திரும்புகிறது. சாய்வுக்குக் காரணம் இவ்வளவே. இலக்கணப்படி அது பிழையான படம். ஆனால் வேகத்தை அதைவிட நன்றாகக் காட்டிய படம் நாம் கண்டதில்லை. தொகுப்பிலிருந்து "சரியில்லாத" படங்களை அவசரப்பட்டு நீக்கிவிடும் நம் நண்பர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

லார்த்தீக்கைப் புகழ்ந்த அளவிலேயே நிறுத்திவிட மனம் ஒப்பவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பா இருமுறை போரால் சிதைந்தது. அவருடைய ஏடுகளில் அப்போரின் நிழல் மிகக் குறைவாகவே விழுகிறது. பனிச்சறுக்கு உண்டு, டென்னிஸ் உண்டு, அழகிய பெண்கள் உண்டு. மகிழ்ச்சியைச் சேமித்துவைக்கும் பெட்டியாகவே ஒளிப்படத்தை அவர் கையாண்டார். அது அவருடைய உரிமை என்று கூறுவோர் உண்டு. இருக்கலாம். எனினும் ஒரு குடும்பத்தின் வரலாறு அதன் உல்லாசப் பயணங்களின் வரலாறு மட்டும்தானா என்னும் கேள்வியை அவ்வேடுகள் நம்முள் எழுப்பாமல் விடுவதில்லை.

நம் தென் மாவட்டங்களில் பல கிறிஸ்தவ வீடுகளின் பழைய பெட்டிகளைத் திறந்தால், திருமணப் படத்திற்கு அடுத்தபடியாக ஒரு படம் கிடைக்கும்: திறந்த சவப்பெட்டி, அதைச் சுற்றிப் பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கேமராவை நோக்கி நேராக நிற்பர். நகரத்திலிருந்து வருவோர் அதைக் கண்டு முகஞ்சுளிப்பதுண்டு. ஸ்டூடியோக்காரரைச் சைக்கிளில் அழைத்துவந்து, காசு கொடுத்து எடுத்த அந்த ஒரு படத்திற்காகவே தொலைவூர் மகன் வரும் வரை அடக்கத்தைத் தள்ளிவைத்த குடும்பங்கள் உண்டு. எவரும் சிரிக்கவில்லை. எவரையும் சிரிக்கச் சொல்லவுமில்லை. கேமரா வீட்டிற்கு வந்தது சிரிக்க மட்டுமன்று என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. இன்று ஒவ்வொரு கையிலும் கேமரா இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் பாட்டியின் படம் மட்டும் எந்தக் கையிலும் இல்லை.

இனித் தமிழரைப் பார்ப்போம். மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர்; 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். (பாளையங்கோட்டையின் கிளாரிந்தா அம்மையாரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதியவரும் அதே மாதவையாவே.) கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார், அக்கட்டுரைகளுக்குத் தாமே படமும் வரைந்தார். எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பியே வாழ்ந்தவராதலால் அவரைப் பொழுதுபோக்காளர் என்று கூற இயலாது. ஆனால் நம் பொழுதுபோக்காளர்கள் அவரிடம் கற்க வேண்டியது மிகுதி.

அவர் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பருத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். முதுமலையில் பழக்கப்பட்ட யானையின் முதுகிலமர்ந்து காட்டு யானைக் கூட்டங்களை அணுகிப் படமெடுத்தார். அவர் மறைவுக்குப் பின் 2006இல் ஒரு பெரிய தொகுதியாக வெளிவந்த அப்படங்களைப் பார்ப்போர் முதலில் ஏமாற்றமடையக்கூடும். இன்றைய வண்ணப் படங்களின் பளபளப்பு அவற்றில் இல்லை. விலங்கு படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. புல் இருக்கிறது, மூங்கில் இருக்கிறது, நடுவே யானைகள்.

பொறுத்துப் பார்ப்போருக்கு அங்கே ஒரு குடும்பம் புலப்படும். யானைக் கூட்டம் என்பது பாட்டியும் தாய்மாரும் சிற்றன்னைமாரும் குட்டிகளும் சேர்ந்த தாய்வழிக் குடும்பம். வளர்ந்த ஆண்கள் பிரிந்து போய்விடும். குட்டி எந்தக் கால்களுக்கிடையே நிற்கிறது, மூத்தவள் எந்தத் திசையில் செவியை விரிக்கிறாள் என்பனவெல்லாம் அப்படங்களில் தெரிகின்றன. தந்தத்தை மட்டும் நெருக்கிப் பிடித்த படத்தில் இவை தெரியா. லார்த்தீக் குடும்பத்தைக் காட்டுயிர் போல் கவனித்தார் என்றால், கிருஷ்ணன் காட்டுயிரைக் குடும்பமாகக் கண்டார். இருவரிடத்தும் ஒளிப்படக்காரன் கட்டளையிடுவதில்லை.

கட்டளையிட்டால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2009இல் முதற்பரிசு பெற்றது இரவில் வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். மிக அழகிய படம், அதில் ஐயமில்லை. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று நடுவர்கள் கருதி, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றனர். படமெடுத்தவர் மறுத்தார். 2018இலும் இத்தகைய நிகழ்வு ஒன்று உண்டு. பரிசு பெற்ற படத்திலிருந்த எறும்புதின்னி பாடம் செய்து வைக்கப்பட்டதாக இருக்கலாம் என்று வல்லுநர் கண்டனர். அவரும் மறுத்தார். வழக்கில் யார் பக்கம் உண்மை என்று தீர்ப்பிடுவது நம் வேலையன்று. நடுவர்கள் கூறியது சரியெனின், அந்த ஓநாயின் நிலை கோபுரப் படியில் நிறுத்தப்பட்ட அந்தச் சிறுமியின் நிலைதான். "குதி" என்றார்கள், குதித்தது.

பரிசுக்காக இவ்வாறெனின், பரிசில்லாமலும் நடப்பது வேறு. கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கு வெளிச்சம் வேண்டுமென்று மறைத்திருக்கும் கிளையை ஒடிப்போர் உளர். அக்கிளைதான் வெயிலிலிருந்தும் காகத்தின் கண்ணிலிருந்தும் அக்குஞ்சுகளைக் காத்தது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்போரும் உளர். தன் எல்லைக்குள் மாற்றான் வந்துவிட்டான் என்று அஞ்சி அது உணவையும் துணையையும் விட்டுப் பறந்துவருகிறது. படம் கிடைத்துவிடுகிறது. அந்தப் படத்தில் நாம் காண்பது பறவையின் அழகையன்று, அதன் கலக்கத்தை. இது கலை நோக்கில் பொய். அற நோக்கில் அதைவிடப் பெரிது. எரிக் ஹாஸ்கிங் என்னும் ஆங்கிலேயப் பறவைப் படக்காரர் 1937இல் ஆந்தைக் கூட்டருகே சென்றபோது தாய் ஆந்தை தாக்கி இடக்கண்ணை இழந்தார். ஆயினும் ஒற்றைக் கண்ணோடு இறுதிவரை பறவைகளையே படமெடுத்தார். நம்மவருக்கு அத்தகைய விலை எதுவும் நேர்வதில்லை. விலையைக் குஞ்சுகளே கொடுத்துவிடுகின்றன.

யோபு நூலின் இறுதிப் பகுதியைப் படித்தோர்க்கு ஒன்று நினைவிருக்கும். துன்புற்று வழக்காடும் மனிதனுக்கு இறைவன் அங்கே காட்டுவது வரையாட்டையும் காட்டுக் கழுதையையும் தீக்கோழியையும் கழுகையும். அவற்றுள் ஏறக்குறைய எதுவும் மனிதனுக்குப் பயன்படாது. அவன் பார்க்காவிட்டாலும் அவை ஈனும், மேயும், பறக்கும். அப்பகுதியைக் காட்டுயிர்ப் படமெடுப்போர் ஒருமுறை வாசித்துவிட்டுக் காட்டிற்குள் செல்வது நல்லது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

பொழுதுபோக்காளரைக் குறைகூறியே முடித்துவிடுவது நேர்மையாகாது. ஊதியத்திற்காகப் படமெடுப்போருக்கு இல்லாத ஒரு செல்வம் அவருக்கு உண்டு. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நேரம். ஐக்கிய மாகாணங்களில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், அலுவல் போக எஞ்சிய காலத்தில் விலங்குப் பாதைகளில் மெல்லிய கம்பியைக் கட்டி, புலியே இடறித் தன் படத்தை எடுத்துக்கொள்ளுமாறு செய்தார். (படமெடுத்தவர் யார், அவரா புலியா என்பது வேறு விவாதம்.) துப்பாக்கியால் புலியைச் சாய்ப்பதே பெருமை எனக் கருதப்பட்ட நாளில், 1927இல், அவர் தம் புலிப் படங்களை நூலாக்கினார்.

அசாமில் தேயிலைத் தோட்டம் நடத்திய இ. பி. ஜீ என்பவரும் விடுமுறைக் கேமராக்காரரே. பூட்டான் எல்லையோரக் காடுகளில் பொன்னிற மந்தி ஒன்று வாழ்வதாகக் கேள்வியுற்றுத் தேடிச்சென்று, 1953இல் அதனைப் படம்பிடித்தார். எங்கே, எப்போது, எத்தனை கண்டார் என்று குறித்துவைத்தமையால் அப்படங்கள் விலங்கியலாருக்குப் பயன்பட்டன. 1956இல் அந்த மந்திக்கு இடப்பட்ட அறிவியல் பெயரில் அவருடைய பெயரும் சேர்ந்துகொண்டது. குறிப்பு இல்லாதிருந்தால் அவை அழகிய குரங்குப் படங்களாக மட்டும் நின்றிருக்கும்.

குறிப்பெழுதும் வழக்கம் நம் வீடுகளில் அறவே இல்லை. பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்கையில் சுவரிலிருக்கும் பழைய படங்களைக் காட்டி இவர் யார், அவர் யார் என்று நாம் வினவுவதுண்டு. நடுவில் அமர்ந்திருப்பவர் தாத்தா, பக்கத்தில் பாட்டி, நிற்பவர்கள் பெரியப்பாவும் சித்தப்பாவும். அதுவரை தடையின்றிச் சொல்வார்கள். வலக்கோடியில், பாதி முகம் சட்டத்தில் மறைய, கைக்குழந்தையோடு நிற்கும் பெண் யார் என்று கேட்டால், வீட்டிலிருப்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். படத்தைக் கழற்றிப் பின்புறம் திருப்பினால் ஸ்டூடியோவின் முத்திரை மட்டும் இருக்கிறது.