பரணியில் ஓர் இந்திரசாலம்

பண்டை எகிப்தியர் தம் மன்னனை ஹோரஸ் கடவுளின் உருவென்று நம்பினர். பகைவர் பெயரை மட்கலத்தில் எழுதி உடைத்தால் பகை ஒழியும் என்றும் கருதினர். இதைக் கேட்டு நகைக்கும் அன்பர்கள் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியையும் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்க வெற்றியைப் பாடும் அந்நூலில் ‘அவதாரம்’ என்றே ஒரு பகுதியுண்டு. கண்ணனாய்ப் பிறந்த திருமாலே சோழனாய் வந்தான் என்பது அதன் சாரம். ஆனால் களத்தில் படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். மடிந்தவரோ பேய்களுக்குக் கூழாயினர். அரசன் தெய்வமாகிவிட்டால், அவன் போர் அறமா என்று கேட்க எவருக்கு நாவெழும்?

சந்த அழகில் பரணிக்கு நிகர் அரிது. அதை நாம் மறுக்கவில்லை. அதே நூலில் ‘இந்திரசாலம்’ என்றொரு பகுதியும் உண்டு. ஒரு பேய் மாயத்தால் பிணக்குவியல் காட்ட, பசித்த பேய்கள் பாய்ந்து விழுந்து வெறுவாயை மென்றன. அவதாரக் கதையும் அத்தகைய இந்திரசாலமே என்பது நமது துணிபு.

குலோத்துங்கனின் தாய்வழிப் பாட்டன் இராசேந்திரன் 1025-இல் வென்ற கடாரம், மாக் மண்டினுக்கு வடக்கே முடா ஆற்றுக்கு அப்பால் உள்ளது. அவ்வெற்றியைச் சொல்லி மார்தட்டும் நாம், தோட்டத்துரையைத் தெய்வமெனக் கும்பிடப் பழக்கப்பட்டோரின் மக்களல்லவா? பரணியைத் தமிழுக்காகப் படிப்போம். அரசனைக் கும்பிடுவதற்காகப் படியோம்.