நேர் எதுக்கு? கட்டுமரமும் என் இழைப்புளியும்

வீட்டிலேயே மரப்படகு கட்டச் சொல்லித்தரும் ஆங்கிலக் கையேடுகளில் ஒரு பாடம் தவறாமல் வரும்: முதல்ல பலகையை நேராக்கு. ஒரு முகத்தை மட்டமா இழை, மூலைமட்டம் வெச்சு ஒரு விளிம்பு, அப்புறம் எதிர் விளிம்பு, கடைசியா கனம். மயிலாப்பூர் மொட்டைமாடிக் கொட்டகையில் நானும் அப்படியே செய்தேன். ஒரு அங்குலத் தேக்குப் பலகை. ஐப்பசி மழையில் முறுக்கிக்கிச்சு, இழைச்சேன். பங்குனியில் வேறு பக்கம் வளைஞ்சது, மறுபடி இழைச்சேன். இப்போ முக்கால் அங்குலம்கூட இல்லை. பலகை நேராத்தான் இருக்கு, படகுக்குத்தான் ஆகாது.

தப்பில் பாதி என்னுடையது. மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அனேகமா மாறாது. ஒரே முகத்தை இழைச்சா இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் காயும், பலகை கிண்ணம்போல் குழியும். இரண்டு பக்கமும் சமமா எடுக்கணும். நடுவில் ரீப்பர் வெச்சு அடுக்கிக் காத்தாட விடணும்.

மீதிப் பாதி அந்தப் பாடத்தின் மேல் என் விமர்சனம். நேர் எதுக்குன்னு அது சொல்றதில்லை. படகின் பக்கப் பலகை, மாட்டிய பிறகு சீரான கோடாத் தெரியும். கழற்றித் தரையில் போட்டா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கும். அந்த விளிம்பை நேராக்கினது எனக்கு வெட்டி வேலை. நேர் உண்மையிலேயே வேண்டியது நடுக்கோட்டுக்கு. அதுக்கு ஒரு நூல் போதும். பலகையோடு பலகை ஒட்டும் இடத்துக்கு மட்டம் வேணும்.

இந்த யோசனையோடு நொச்சிக்குப்பம் பக்கம் நடந்தேன். இப்போ ஃபைபர் படகுகள்தான் வரிசையா நிக்குது. சின்ன வயசில் பார்த்த கட்டுமரத்தில் ஒரு கட்டைக்கு அளவுகோல் பக்கத்துக் கட்டைதான். வாச்சியால் செதுக்கி, பொருத்தி, கயிற்றால் கட்டுவாங்க. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுவாங்க. மரம் ஈரத்தில் மாறும் என்பது அந்தக் கட்டுமானத்துக்குள்ளேயே இருக்கு. 1697இல் வெளியான தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் இந்தச் சோழமண்டலக் கரை மரங்களைக் குறிப்பிடுகிறார். சென்னை மாகாண மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றித் தனி ஆய்வே எழுதினார். ஆனால் அவரை இழுத்த பெரிய கேள்வி, இது எங்கிருந்து வந்தது என்பது. பாலினேசியா வரை போகிறார். எனக்கு வேண்டிய கேள்வி சின்னது: இதில் எது நேரா இருக்கணும்?

மசூலாப் படகும் அப்படித்தான். துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்தது அது. உள்ளே விலாச்சட்டம் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைச்சிருப்பாங்க, அலை அடிச்சா நெளிஞ்சு கொடுக்கும். 1962இல் இங்கிலாந்தில் வந்த மிரர் படகு, ஒட்டுப்பலகையைச் செம்புக் கம்பியால் தைச்சு ஒட்டும் முறையை வீட்டுப் பட்டறைகளுக்குப் பரப்பியது. மசூலாவிலிருந்து எடுத்தாங்கன்னு நான் சொல்லலை. ஆனா "நம்மாளுங்களுக்கு நேரா வெட்டத் தெரியலை, அதான் கட்டையைக் கட்டி ஓட்டினாங்க" என்று இனி யாராவது சொன்னா, என் முக்கால் அங்குலப் பலகையைக் காட்டுவேன்.

கட்டையின் நியாயம் மெல்லிய பலகைக்கு அப்படியே பொருந்தாதுதான். அடுத்த பலகையில் முதல்ல நூல் அடிப்பேன். எந்த இடம் எதோடு ஒட்டணும்னு குறிப்பேன். அதுக்கப்புறம்தான் இழைப்புளி.