ஓரத்துக் குறிப்புகள்: மலாயாக் காலச் சமையல் நூலொன்றைச் சமைத்துப் பார்த்தல்

முன்னுரை

சமையல் நூலை இலக்கியப் பனுவலாகக் கொள்ளும் வழக்கம் தமிழாய்வில் இன்னும் வேரூன்றவில்லை. எனினும் அடிசிற்கலைக்கும் பனுவலுக்கும் உள்ள உறவு நமக்குப் புதியதன்று. வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட சமையல் நூலைச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. அந்நூலின் நெறி வழுவாது ஆக்கப்பட்ட உணவே சிறந்தது எனும் கருத்தும் அங்கு அமைந்துள்ளது. சமைப்பதற்கு நூலொன்று சான்றாக நிற்கலாம் என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார் எனலாம்.

மேலைத் திறனாய்வில் இத்துறை 1980களின் இறுதியில் தனிக் கவனம் பெற்றது. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் வெளியிட்ட கட்டுரையில், தற்கால இந்தியச் சமையல் நூல்கள் வழியே தேசிய உணவு மரபொன்று உருவாக்கப்படும் முறையை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு சூசன் லெனார்டி, செய்முறைக் குறிப்பு என்பது கொடுப்பவரும் பெறுபவரும் இருந்தாலன்றிப் பொருள்படாத எழுத்து வகை என வாதிட்டார். இவ்விரு கருத்துகளையும் மனத்திற்கொண்டு, நம் கைக்கு வந்த பழைய சமையல் நூலொன்றை மாணவருடன் வாசித்தும் சமைத்தும் பார்த்த அனுபவத்தை இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது. அம்முயற்சியில் நாம் இழைத்த பிழையொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று என்பதையும் முதலிலேயே கூறிவிடுகிறோம்.

நூலும் அதன் பின்னணியும்

மலாயாவில் ஆங்கிலத்தில் வெளிவந்த சமையல் நூல்கள் பலவும் தனியொருவர் புலமையைக் காட்ட எழுந்தவை அல்ல. ஐரோப்பிய இல்லத்தரசியருக்கென டபிள்யூ. இ. கின்சி தொகுத்த நூல் 420 குறிப்புகளைக் கொண்டது. அதன் 1929ஆம் ஆண்டுப் பதிப்பு ஆய்வாளரால் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இளம் பெண்கள் கிறித்துவச் சங்கத்தின் சமையல் நூல் 1930களில் வெளிவந்து, போருக்குப் பின் 1951இலும் பதிப்பிக்கப்பெற்றது. 1952இல் சிங்கப்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் எல்லிஸ் ஹேண்டி, தம் பள்ளிக்கு நிதி திரட்டும் பொருட்டு வெளியிட்ட நூல் பின்னர்ப் பலமுறை மறுபதிப்புக் கண்டது. பள்ளிக்காகவோ சங்கத்துக்காகவோ பெண்கள் தத்தம் குறிப்புகளைத் தந்து தொகுத்து விற்கும் மரபு உலகின் பல பகுதிகளிலும் இருந்துள்ளது. பகிர்தலே இவ்வகை நூலின் தோற்றுவாய்; விற்பனை அதன் பயன்.

நமக்குக் கிடைத்த நூல் இவ்வகையைச் சார்ந்தது. முன்னாள் மாணவி ஒருவர் தம் பாட்டியாரின் மறைவுக்குப்பின் துறைக்குக் கொடுத்தது. மேலட்டையும் முகப்புத்தாளும் கிழிந்துவிட்டமையால் பெயரோ ஆண்டோ அறியக்கூடவில்லை. அளவைகள், விலைகள், எஞ்சிய விளம்பரப் பக்கங்கள் ஆகியவற்றைக் கொண்டு 1950களைச் சார்ந்தது எனக் கொள்ளலாம். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அதனைத் தந்தவர் பெயர் உள்ளது. பெரும்பாலும் கணவர் பெயராலேயே அவர்கள் சுட்டப்படுகின்றனர். அப்பெயர்களுள் தமிழ்ப் பெயர் ஒன்றும் இல்லை. மகள் பள்ளியில் படிக்கையில் இந்நூலை வாங்கி வந்தாள் என்றும், ஆங்கிலம் அறியாத தாய்க்கு அவளே வாசித்துச் சொன்னாள் என்றும் குடும்பத்தார் கூறினர்.

அளவைகள் கூறும் செய்தி

முதலாண்டு மாணவர் பன்னிருவர்க்கு இந்நூலின் மீன்கறிக் குறிப்பினைப் படியெடுத்துக் கொடுத்து, மொழிபெயர்த்துச் சமைத்து வருமாறு பணித்தோம். அவர்களை முதலில் தடுத்தவை அளவைகளே. மீன் ஒரு கட்டி, வெங்காயம் நான்கு தாயில், புளி ஐந்து காசுக்கு எனக் குறிப்பு தொடங்குகிறது. பிறிதோரிடத்தில் அரிசி சுப்பாக்கிலும், மாவு ஐம்பது சிகரெட்டு அடங்கும் தகரக் குவளையிலும் அளக்கப்படுகின்றன.

பதினாறு தாயில் கொண்டது ஒரு கட்டி. அஃது ஏறத்தாழ 605 கிராம். தாயில் ஏறத்தாழ 38 கிராம். நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். அஃது ஏறத்தாழ நாலரை லிட்டர். 1970களில் இரு நாடுகளும் மெட்ரிக் முறைக்கு மாறியபின் இவ்வளவைகள் மெல்ல வழக்கொழிந்தன. இவற்றை மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் ஐந்து காசுப் புளியை எவ்வாறு கிராமாக்குவது? அக்குறிப்பு எழுதப்பட்ட ஊரும், ஆண்டும், கடைக்காரர் கைந்நிறையும் தெரிந்தாலன்றி விடை கிடையாது. மாணவர் சிலர் இதனை நூலின் குறை என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. காசு அளவு, அந்நூல் யாரை நோக்கிப் பேசியதோ அவர்கள் ஒரே சந்தையில் பொருள் வாங்கினர் என்பதற்குச் சான்று. அறிமுகமானவர் தமக்குள் பேசும் மொழியில் விளக்கம் குறைவாகவே இருக்கும்.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

மாணவர் கொணர்ந்த கறி உண்ணத்தக்கதாக இல்லை. தேங்காய்ப்பால் திரிந்து, நீர் வேறாகவும் திப்பி வேறாகவும் நின்றது. அரைத்த மிளகாய், புளிக்கரைசல், தேங்காய்ப்பால் ஆகிய அனைத்தையும் ஒருங்கே சேர்த்து அரைமணி நேரம் கொதிக்கவிடுமாறு அச்சிட்ட குறிப்பு கூறுகிறது. மாணவர் அவ்வாறே செய்திருந்தனர். பெட்டியில் அடைத்த பால்தான் காரணம் என்றார் ஒருவர். நூலே பிழையுடையது என்றார் மற்றொருவர்.

ஐயம் தீர்க்க மூலநூலைத் திறந்து பார்த்தபோதுதான் நம் பிழை நமக்குப் புலப்பட்டது. அப்பக்கத்தின் ஓரத்தில் மங்கிய பென்சில் எழுத்தில் தமிழில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: "கெட்டிப்பால் கடைசியில். கொதிக்கக் கூடாது." படியெடுக்கும்போது தாள் தெளிவாக அமையட்டும் என்று பக்க ஓரங்களை நாமே மறைத்துவிட்டிருந்தோம். அச்செழுத்தே நூல், கையெழுத்து அழுக்கு என்ற எண்ணம் நம்மிடம் இருந்திருக்கிறது. மூலபாடத் திறனாய்வைப் பாடமாக நடத்தும் நமக்கு இது நாணத்தக்க செய்தியே.

பின்னர் நூல் முழுவதையும் ஓரங்களோடு பார்வையிட்டோம். ஏறத்தாழ நாற்பது பக்கங்களில் தமிழ்க் குறிப்புகள் இருந்தன. "பிள்ளைகளுக்கு மிளகாய் 4 போதும்" என்றொரு குறிப்பு. "இரண்டு முட்டை குறைத்தேன், குறை தெரியவில்லை" என்று கேக்கு ஒன்றின் அருகே வேறொரு குறிப்பு. தமிழ் 'மிளகுத்தண்ணீர்' ஆங்கிலேயர் நாவில் திரிந்து 'மல்லிகட்டானி' எனும் சூப்பாகிய வரலாறு யாவரும் அறிந்ததே. அதன் அருகே அப்பெண்மணி, "இது ரசமும் இல்லை, குழம்பும் இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். நாம் இருபது பக்கங்களில் எழுதக்கூடிய திறனாய்வை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இரண்டாம் முயற்சி

இரண்டாம் முறை மாணவி ஒருவரின் பாட்டி வீட்டில் சமைத்தோம். அங்கு அம்மி இருந்தது. மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து முடிப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தேங்காய் துருவிக் கெட்டிப்பாலும் இரண்டாம் பாலும் பிழிய மேலும் அரைமணி நேரம். இவ்வுழைப்பு அச்சிட்ட குறிப்பில் 'அரைத்த மிளகாய்', 'பிழிந்த பால்' என்ற இரு தொடர்களில் அடங்கிவிடுகிறது.

தமிழாசிரியர் இத்தொடர்களை ஊன்றி நோக்க வேண்டும். 'அரைத்த' என்பது பெயரெச்சம். செயல் முடிந்துவிட்டது என்பதை அது காட்டும். செய்தவர் யார் என்பதைக் காட்டாது. குறிப்பு தொடங்கும்முன்பே யாரோ ஒருவர் அரைத்து வைத்திருக்கிறார். அந்த யாரோ ஒருவர்க்கு நூலில் பெயரில்லை. ஆசியக் குடியேற்ற நாடுகளின் உணவுப் பண்பாட்டை ஆராய்ந்து 2011இல் நூல் வெளியிட்ட செசிலியா லியோங்-சலோபிர், அங்கு ஐரோப்பியர் உண்ட கலப்பு உணவு மரபினை உருவாக்கியதில் உள்ளூர்ச் சமையற்காரர்க்குப் பெரும்பங்கு உண்டு என நிறுவுகிறார். நம் நூலின் பெயரெச்சங்கள் அக்கூற்றுக்கு இலக்கணச் சான்றாகின்றன.

வாசித்துக் காட்டிய குறிப்பினைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியார், பேத்தியைப் பார்த்து, "ஏம்மா, கெட்டிப்பால எடுத்த எடுப்புலயே கொதிக்க விட்டா திரிஞ்சு போவாதா? இத செஞ்சவங்க எழுதல. பாத்தவங்க எழுதியிருக்காங்க" என்றார். ஓரத்துக் குறிப்பு பற்றி நாம் அவரிடம் எதுவும் கூறியிருக்கவில்லை. வேறு வேறு ஊரில் வாழ்ந்த இரு பெண்கள், ஒருவர் பென்சிலாலும் மற்றவர் வாய்மொழியாலும், ஒரே திருத்தத்தைச் செய்துள்ளனர். இரண்டாம் பாலில் மீனை வேகவைத்து, இறக்கும் தறுவாயில் கெட்டிப்பால் சேர்த்து இளஞ்சூட்டில் எடுத்தபோது கறி திரியவில்லை. அடுக்களையிலிருந்து எழுதுகோலுக்குச் செல்லும் வழியில் ஒரு படி தவறியிருக்க வேண்டும் எனக் கருதுவதற்கு இது போதிய காரணமாகும்.

சமைத்தவர் வாய்மொழியே நூலாகிய நிகழ்வும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஏபி ஃபிஷர் என்பார் எழுதப் படிக்க அறியாதவர். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி 1881இல் சான்பிரான்சிஸ்கோவில் அவர் பெயராலேயே நூல் வெளிவந்தது. மலாயாவில் இந்நூலுக்குக் குறிப்பளித்தவர் வீடுகளில் சமைத்தவர்க்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. வாங்கியவர் வீட்டுத் தமிழ்ப் பெண்ணுக்கு ஓரம் மட்டுமே கிடைத்தது. அதனையும் அவர் வீணாக்கவில்லை.

பகிரும் முறை

பழஞ்சமையற் குறிப்புகளைத் தேடி எடுத்துப் பகிர்வது இன்று பெருவழக்காகி வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் பகிர்வோர் பலரும் கட்டியைக் கிராமாக்கி, அம்மியை மின்னரைப்பானாக்கி, ஐந்து காசுப் புளியை இரு தேக்கரண்டியாக்கி, மாற்றியமை சொல்லாமலேயே வெளியிடுகின்றனர். சமைப்பவர்க்கு அஃது உதவலாம். பெறுபவர் கையில் எஞ்சுவது பழைய நூலின் பெயரைத் தாங்கிய புதிய குறிப்பே ஆகும். குறிப்பு என்பது சமைப்பதற்கான கருவி, அது பயன்பட்டால் போதும் என்று இதற்கு விடை கூறுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. சமைக்கப்படாத குறிப்பு இறந்த குறிப்பே. ஆனால் முதல் முயற்சியில் நாம் தோற்றது பழமையைப் போற்றியதால் அன்று. பனுவலின் ஒரு பகுதியை வெட்டியதால் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதற்கான நெறி நம்மிடமே உள்ளது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் உ. வே. சாமிநாதையர் நமக்குக் காட்டிச் சென்றது, மூலத்தைக் காத்து, வேறுபட்ட பாடங்களை மறைக்காது உடன் வைக்கும் ஒழுங்கு. அதனைச் சமையல் நூலுக்கும் கொள்ளலாம். முதலில் அச்சிட்டவாறே குறிப்பு. அடுத்து ஓரத்தில் உள்ளது எழுத்துப் பிழையும் திருத்தப்படாமல். மூன்றாவதாக, சமைத்துப் பார்த்தவர் கண்டது, அவர் மாற்றிய அளவுகளுடன். இம்மூன்றும் தனித்தனியே நின்றால் படிப்பவர் தமக்கு வேண்டியதைக் கொள்ளலாம், எதுவும் அழிவதில்லை. இடைநிலைப் பள்ளி மாணவரும் தம் வீட்டிலுள்ள பழைய நூல்களையும் குறிப்பேடுகளையும் கொண்டு இப்பயிற்சியைச் செய்ய இயலும். அளவைப் பெயர், பெயரெச்சம், பேச்சு வழக்கு, மொழிபெயர்ப்பு ஆகிய அனைத்தும் அதில் பாடமாக அமைகின்றன.

முடிவுரை

சென்னையிலிருந்து 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் நூலுக்குச் 'சமைத்துப் பார்' என்று பெயர். அதில் 'பார்' என்பது துணைவினை, முயன்றறிதலைக் குறிப்பது. கண்ணால் பார்த்தலோடு நின்றுவிடாமல் செய்து அறிதல் எனும் பொருளை ஈரெழுத்தில் தரும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. பழைய சமையல் நூலை வாசிப்பதற்கும் அதுவே முறை என்று நாம் கருதுகிறோம். கறி திரியாதிருந்தால் நாம் மூலநூலை மீண்டும் திறந்திருக்கமாட்டோம். ஓரத்தில் எழுதியவரை அறிந்திருக்கவும் மாட்டோம்.

அப்பென்சில் எழுத்துகள் ஆண்டுதோறும் மங்கி வருகின்றன. சில பக்கங்களில் பூதக்கண்ணாடி கொண்டும் படிக்க இயலவில்லை. இப்போது நூல் முழுவதையும் ஓரங்களோடு படியெடுத்து வைத்துள்ளோம். ஒரு படியை அக்குடும்பத்தாரிடம் ஒப்படைத்தபோது, மகள்வழிப் பேத்தி முதலில் விரலால் தடவிப் பார்த்தது அச்சிட்ட குறிப்பை அன்று.